சனிக்கிழமை நான் போட்ட படம்

பிரபு,

எல்லாக் கடிதத்தையும் நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். நீ நன்றாக இல்லை என்பது எனக்குத் தெரியும். அதில் என் பங்கு எவ்வளவு என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே கேட்பது நன்றாக இருக்காது. இதை உனக்குப் போனில் அனுப்பாமல் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி அனுப்புகிறேன். போனில் எதையும் எழுதுவதற்கு இப்போதெல்லாம் என் விரல் கூசுகிறது. படித்துவிட்டு வாணியிடம் காட்டுவதும் காட்டாமல் கிழித்துப் போடுவதும் உன் விருப்பம். நீங்கள் இரண்டு பேரும் சிதம்பரம் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கேயோ போகப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீயாக வாயைத் திறந்து சொல்லவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். நீ போன பிறகு எழுதினால் எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்றுகூட எனக்குத் தெரியாமல் போகலாம்.

உன் அப்பா போன பிறகு மஞ்சக்குப்பம் வீட்டில் நான் எப்படி நாளைத் தள்ளினேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. முப்பது வருஷம் தையல் டீச்சராக இருந்தவளுக்கு வேலையும் முடிந்து, புருஷனும் போய்விட்டால், இந்தக் கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாது. ஒரு ஆளுக்குச் சோறு வடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? காலை பத்து மணிக்கெல்லாம் வீட்டில் செய்ய ஒன்றும் மிச்சம் இருக்காது. அந்தச் சமயத்தில்தான் என்னோடு வேலை பார்த்த ரேவதி டீச்சர் அந்தக் கைவேலை குரூப்பில் என்னைச் சேர்த்துவிட்டாள். கடலூர், பண்ருட்டி, நெய்வேலி, சிதம்பரம் என்று சுற்றுவட்டாரத்துப் பெண்கள் எண்பது பேருக்கு மேல். யார் என்ன பின்னுகிறோம், எத்தனை வரிசை முடிந்தது என்று தினமும் படம் எடுத்துப் போடுவோம். சனிக்கிழமைக்கு மட்டும் தனி வழக்கம். அதற்கு ‘சொதப்பல் சனி’ என்று பெயர். அந்த வாரம் கையில் கெட்டுப்போனதை வெட்கப்படாமல் படம் எடுத்துப் போட்டு, எப்படிக் கெட்டது என்று எழுத வேண்டும். எல்லோரும் சிரிப்பார்கள். அப்புறம் யாராவது ஒருத்தி எந்த இடத்தில் தப்பு என்று சொல்லித் தருவாள். ரேவதி டீச்சர் ஒரே ஒரு சட்டம்தான் போட்டிருந்தாள். அவரவர் சொதப்பலை அவரவர்தான் போட வேண்டும், அடுத்தவருடையதைப் போடக்கூடாது.

நான் அந்தச் சனிக்கிழமைகளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் எழுந்திருந்தேன். ஊசியில் நாற்பது கண்ணி போட்டு ஆரம்பித்த மப்ளர் முடிகிறபோது ஐம்பத்தாறு கண்ணியாகி, படகுத் துடுப்பு மாதிரி விரிந்துவிட்டது. அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நின்று படம் போட்டேன். ஒயர் கூடைக்கு ஒரு கைப்பிடியை நீளமாகவும் இன்னொன்றைக் குட்டையாகவும் போட்டுவிட்டேன். தக்காளி வாங்கிக்கொண்டு வந்தபோது உழவர் சந்தை வாசலிலேயே பாதி உருண்டு ஓடியது. சித்திரை வெயிலில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்து எனக்கே ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். கடலூரில் ஸ்வெட்டர் எதற்கு என்று நீகூடக் கேட்டாய். கழுத்தைச் சின்னதாக வைத்துவிட்டதால் போட்டுப் பார்க்கும்போது தலை உள்ளேயே மாட்டிக்கொண்டது. எதிர்வீட்டு மல்லிகா கத்தரிக்கோலோடு ஓடிவந்து, “மூச்சு வுட்டுகினே இருங்க டீச்சர், தோ வெட்டிடறேன்” என்று சொல்லிச் சொல்லி வெட்டி என்னை வெளியே எடுத்தாள். அவள் சொன்னதையும் சேர்த்து எழுதிப் போட்டேன். அன்றைக்கு முழுக்க என் போன் ஓயவில்லை. அதிலிருந்து வியாழக்கிழமையே, “டீச்சர், இந்த வாரம் இன்னா?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வேலையில் இருந்த காலம் முழுக்கப் பிள்ளைகள் என்னைக் கண்டால் பயப்படத்தான் செய்தார்கள். யாரும் எனக்காகக் காத்திருந்தது கிடையாது. இந்த வயதில் எண்பது பேர் காத்திருந்தார்கள். அது எனக்குத் தலைக்கு ஏறியது.

ஆறாம் வகுப்பில் நீ ஒயரில் ஒரு கிளி பின்னினாயே, ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக் கண்காட்சிக்காக ஒரு வாரம் உட்கார்ந்து பின்னினாய். மூக்கு கோணலாக இருந்தது. ஒரு இறக்கை பெரிசு. நீ கிரிக்கெட் ஆடப் போயிருந்தபோது நான் அதை முழுக்கப் பிரித்து, உன் ஒயரிலேயே மறுபடியும் பின்னி, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். தையல் டீச்சர் மகன் கோணல் கிளியைக் கொண்டுபோய் வைத்தால் எனக்கல்லவா கேவலம். கிளிக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். பரிசாகக் கொடுத்த டிபன் பாக்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையல்கட்டில் நின்றுகொண்டிருந்த என்னிடம் நீட்டினாய். “இந்தாம்மா, இது ஒன்னுது” என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. பேனாவைக் கடன் வாங்கினவன் திருப்பிக் கொடுக்கிற மாதிரி சொன்னாய். நான் சிரித்துக்கொண்டே அதை வாங்கி அலமாரியில் வைத்தேன். அதற்குப் பிறகு நீ கையால் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. நீ பெரியவனாகி, காட்டுமன்னார்கோயில் பக்கம் ரைஸ்மில் மெஷின்களைப் பிரித்து மாட்டுகிறாய் என்று கேள்விப்பட்டபோது, பரவாயில்லை, கை மறக்கவில்லை என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். உன்னிடம் மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து ஒரு கிளிக்காகவா கேட்பது என்று விட்டுவிட்டேன். அப்போதே கேட்டிருந்தால், அடுத்தவர் செய்த பொருளில் கை வைக்கக் கூடாது என்றாவது எனக்குப் பாடமாகியிருக்கும்.

வாணியின் முதல் விஷயத்தையும் எழுதித்தான் ஆக வேண்டும். உங்கள் கல்யாணமான மறு வருஷம் அவள் உண்டாகியிருப்பதை இரண்டாவது மாதமே என்னிடம் சொன்னாய். “யார்கிட்டயும் சொல்லாதம்மா, டாக்டர் அஞ்சாம் மாசம் வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லியிருக்காங்க” என்றாய். சரி என்றேன். அன்று விளக்கு வைப்பதற்குள் பதினேழு பேரிடம் சொல்லிவிட்டேன். பெண்ணாடத்தில் இருக்கிற உன் அத்தைக்கு முதல் போன். மூன்றாவது மாதம் அது தங்காமல் போனபோது, அந்தப் பதினேழு பேரும் ஒருத்தர் விடாமல் வாணிக்குப் போன் செய்தார்கள். எல்லோரும் நல்ல மனசோடுதான் செய்தார்கள். ஆனால் ஒவ்வொருத்தருக்கும் அவள் முதலில் இருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஏழாவது போனோ எட்டாவது போனோ வந்தபோது அவள் போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள் என்று நீ சொன்னாய். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. இந்தக் காலத்துப் பெண்களுக்கு ஆறுதல் வாங்கிக்கொள்ளவும் பொறுமை இல்லை என்று ரேவதி டீச்சரிடம் சொன்னேன்.

இப்போது இந்த வருஷ ஆனிக்கு வருகிறேன். தேர் பார்க்கலாம் என்று சிதம்பரத்துக்கு வந்து, உன் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். வாணி நன்றாகத்தான் இருந்தாள். கொஞ்சம் சோர்வு. “வெயில் ஜாஸ்தி அத்த, தேருக்கு நான் வரல, நீங்க பாத்துட்டு வாங்க” என்றாள். சாப்பாட்டில் புளியும் காரமும் குறைந்திருந்தன. வேறு எந்த மாமியாராக இருந்தாலும் ஊகித்திருப்பாள். என் கவனம் வேறு இடத்தில் இருந்தது. அன்று சனிக்கிழமை. அந்த வாரம் என் கையில் ஒன்றும் கெடவில்லை. சொதப்பல் சனிக்குப் போட என்னிடம் எதுவும் இல்லை. காலையிலேயே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வாணி குளிக்கப் போயிருந்தாள். என் ஈரத் தலையைத் துவட்டத் துண்டு எடுக்க அலமாரியைத் திறந்தேன். இஸ்திரி போட்ட புடவைகளுக்குப் பின்னால் ஒரு துணிப்பை. அதற்குள் குரோஷா ஊசி, ஒரு உருண்டை மஞ்சள் உல்லன் நூல், உள்ளங்கை அளவுக்கு ஒரு சின்ன மஞ்சள் குல்லா.

அதைக் கையில் எடுத்ததும் எனக்குள் என்ன ஓடியது என்று இத்தனை மாதமாக யோசித்து, இப்போதுதான் நேர்மையாகச் சொல்ல முடிகிறது. முதலில் வந்தது சிரிப்பு இல்லை. வருத்தம். என்னைக் கேட்கவில்லையே என்கிற வருத்தம். இவ்வளவு நாள் தையல் சொல்லிக் கொடுத்த நான் மாமியாராக இருக்கிறேன். போனில் யாரோ வீடியோவில் சொல்வதைப் பார்த்து, எனக்குத் தெரியாமல், புடவைக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் பின்னியிருக்கிறாள். ஒரு பக்கம் கண்ணி இறுகிக்கிடந்தது, மறுபக்கம் தொளதொளவென்று. மூன்று இடத்தில் பிரித்துப் பிரித்துப் போட்டிருக்கிறாள், அங்கெல்லாம் நூல் நைந்து பிசிர் எழும்பியிருந்தது. அந்தப் பிசிரும் நன்றாகத் தெரிகிற மாதிரி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத்தான் படம் எடுத்தேன். பழக்கூடையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து அதன் மேல் குல்லாவை மாட்டிவைத்தேன். ‘எங்க வீட்டு மருமக ஆரஞ்சுப் பழத்துக்குக் குல்லா பின்னியிருக்கா. மழைக்காலம் வருதுல்ல, பழத்துக்குச் சளி பிடிச்சுடும்’ என்று எழுதிப் போட்டேன். குல்லாவைப் பைக்குள் வைத்து, பையை இருந்த இடத்தில் வைத்தேன். வாணி தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, “காப்பி போடட்டா அத்த?” என்று கேட்டாள். போடும்மா என்றேன்.

எண்பது பேரும் சிரித்தார்கள். என் ஸ்வெட்டருக்குக்கூட அவ்வளவு சிரிக்கவில்லை. சட்டத்தை ஞாபகப்படுத்த வேண்டிய ரேவதி டீச்சரே விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மையைப் போட்டாள். பண்ருட்டியிலிருந்து ஒரு அம்மா மட்டும், “டீச்சர், இது பச்சப்புள்ளத் தொப்பி மாதிரி கீதே, வூட்ல எதுனா விசேஷமா?” என்று கேட்டாள். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ‘அதுக்கெல்லாம் எங்க வீட்ல இன்னும் நேரம் வரல’ என்று பதில் போட்டேன். அதற்கும் நாலு பேர் சிரித்தார்கள். நீ என்னிடம் இதுவரை இந்தப் பதிலைப் பற்றிப் பேசியதே இல்லை. படத்தைப் பற்றி மட்டும்தான் பேசினாய். ஆனால் வாணி அதையும் படித்திருப்பாள். படத்தைவிட அதுதான் அவளை வெட்டியிருக்கும்.

உங்கள் தெருவில் இருக்கிற பத்மா அந்தக் குரூப்பில் இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன். பால் வாங்கப் போன இடத்தில், “உங்க மாமியார் நல்லா தமாஷா எழுதறாங்க” என்று சொல்லி அவள் வாணியிடம் போனை நீட்டியிருக்கிறாள். பாவம், அவளுக்கும் ஒன்றும் தெரியாது. மறுநாள் நீ எனக்குப் போன் செய்தாய். நான் கடலூருக்குத் திரும்பி வந்திருந்தேன்.

“அம்மா, அந்தப் போட்டோவ எடுத்துடு.”

“ஏன்டா, சும்மா தமாசுக்குத்தான போட்டேன். அவளுக்குக் கோவமா?”

“எடுத்துடும்மா.”

“இதுக்குப் போயி கோச்சுக்குனா எப்பிடி? என் தலை மாட்டிக்கினத கூடத்தான் நான் போட்டேன்.”

“அது ஒன் தலை” என்றாய். போனை வைத்துவிட்டாய். நான் படத்தை எடுத்தேன். எடுத்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் வருத்தமாக இருந்தேன். பெண்டாட்டி பேச்சைக் கேட்டு என்னிடம் கடுமையாகப் பேசிவிட்டாய் என்று மல்லிகாவிடம் புலம்பினேன்.

ஆடியில் ஒரு மத்தியானம் நீ மறுபடியும் போன் செய்து, “ஆஸ்பத்திரில இருக்கோம், நீ வர வேணாம், சும்மா சொல்றேன்” என்றாய். குழந்தை ஒன்று இருந்தது என்பதையும், இப்போது இல்லை என்பதையும் ஒரே மூச்சில் எனக்குச் சொன்னாய். வர வேண்டாம் என்று நீ சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்வரை அந்தக் குல்லா எனக்கு ஞாபகம் வரவில்லை. அப்புறம்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் வாணியின் அம்மா அண்ணாகிராமத்திலிருந்து வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முந்திரித் தோப்பு வேலையிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருக்கிறார்கள், விரல் நுனியெல்லாம் முந்திரிக்கொட்டையின் பால் பட்ட கறை. என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்கார இடம் விட்டார்கள். வாணி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அது தானாக நடப்பது, யார் செய்ததாலும் செய்யாததாலும் வருவது இல்லை என்று டாக்டரம்மா சொன்னதாக நீ வராந்தாவில் என்னிடம் சொன்னாய். என் படம்தான் காரணம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அவள் அந்தக் குழந்தையைச் சுமந்த கொஞ்ச நாளில் ஒரு பகுதி, அவமானப்பட்ட நாளாகப் போனது. அதற்கு வேறு யாரும் காரணம் இல்லை.

இதோடு நான் நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் சின்னதாக முடிந்திருக்கும். அடுத்த சனிக்கிழமை நான் செய்ததுதான் உங்களை ஊரைவிட்டுக் கிளப்பியது. அன்றைக்கு உட்கார்ந்து குரூப்பில் நீளமாக எழுதினேன். நான் கேலி செய்தது என் பேரக்குழந்தையின் தொப்பியை, அந்தக் குழந்தை இப்போது இல்லை, இது இரண்டாவது முறை, என் மருமகளிடம் உங்கள் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதினேன். அழுதுகொண்டேதான் எழுதினேன். எல்லோர் முன்னாலும் செய்த தப்புக்கு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்பதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றியது. போட்ட ஐந்து நிமிஷத்தில் பதில்கள் வர ஆரம்பித்தன. டீச்சர், உங்களுக்குப் பெரிய மனசு. உங்களை மாதிரி மாமியார் கிடைக்க அந்தப் பெண் கொடுத்து வைத்திருக்க வேண்டும். படிக்கப் படிக்க எனக்கு மனசு லேசானது. பிரபு, இதை உன்னிடம் மறைக்க மாட்டேன். எனக்கு இதமாக இருந்தது. ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன். அங்கே உன் பெண்டாட்டி எழுந்து நடக்க முடியாமல் கிடக்கிறாள், இங்கே நான் ஆறுதல் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே பத்மா பழம் வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தாளாம். கூட இரண்டு பேர். பண்ருட்டிக்காரி எப்படியோ நம்பர் வாங்கி வாணியின் அம்மாவுக்கே போன் செய்து துக்கம் விசாரித்திருக்கிறாள். ஒருமுறைகூட என்னிடம் குரல் உயர்த்திப் பேசாத மனுஷி உன் மாமியார். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்கள்.

“அண்ணி, எம்பொண்ணு இன்னும் அவுங்க அப்பாகிட்டயே சொல்லல. அவருக்கு நெஞ்சு நோவு, மெதுவா சொல்லிக்கலாம்னு இருந்தோம். யாரோ ஒரு பொம்பள எனக்குப் போனப் போட்டு, ரெண்டாவதும் போயிடுச்சாமேன்னு கேக்குது. போன எடுத்தது அவரு.”

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். அவர்களே தொடர்ந்தார்கள்.

“நீங்க வேணும்னு செய்யல, அது எனக்குத் தெரியும். ஆனா இது என்னா அண்ணி, பின்னல் வேலையா? இன்னிக்கு எத்தினி வரிசை, எங்க அறுந்துச்சுன்னு ஊருக்குக் காட்டிகினு இருக்க?” என்றார்கள். அழுதுகொண்டே வைத்துவிட்டார்கள்.

நான் குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன். அதுவும் பிரயோஜனப்படவில்லை. ஏன் போனீர்கள் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்க ஆரம்பித்தார்கள். ஆவணியில் நீ தனியாக வந்தாய். அப்பா நாற்காலியில் உட்காராமல் வாசல் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாய். சாப்பிடுகிறாயா என்றேன், வேண்டாம் என்றாய். நான் அழுதால் நீ எழுந்து போய்விடுவாய் என்று பயந்து அடக்கிக்கொண்டு நின்றேன். தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

“நீ கெட்டவ இல்லம்மா. ஆனா ஒங்கிட்ட எதயும் வச்சிக்க முடியல.”

பிறகு, “கொஞ்ச நாளைக்கு வீட்டுக்கு வராத. அவளா கூப்புடட்டும்” என்றாய். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாய். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் நான் ஊசியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். ஓடவில்லை. முதலில் வாணிக்கு ஒரு போர்வை பின்னலாம் என்று வெள்ளை நூல் வாங்கினேன். இருபது வரிசை போனதும் ஒரு சந்தேகம் வந்தது. இந்தப் போர்வையை அவள் கையில் கொடுத்தால், அதை வாங்கிக்கொள்வதற்காகவாவது அவள் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டியிருக்கும். நான் பின்னிக்கொண்டிருந்தது போர்வையை அல்ல, அந்தச் சிரிப்பைத்தான் என்று தோன்றியதும் பிரித்துவிட்டேன். பிறகு யாருக்கும் இல்லாமல் சும்மா பின்னிப் பார்த்தேன். நாலு வரிசை முடிந்ததும் கை தானாகப் போனைத் தேடுகிறது, படம் எடுப்பதற்கு. அனுப்ப ஆள் இல்லை என்று ஞாபகம் வந்ததும் கண்ணி தவறிவிடுகிறது. இவ்வளவு காலம் எனக்குக் கைவேலை பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். அடுத்தவர் பார்ப்பதுதான் பிடித்திருந்தது போல. அறுபத்து மூன்று வயதில் இதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய?

போன வாரம் உன் பேச்சை மீறினேன். அவளாகக் கூப்பிடட்டும் என்று நீ சொன்னாய், அவள் கூப்பிடவில்லை. தீபாவளியும் போய்விட்டது. மழை விட்டிருந்த ஒரு காலையில் பஸ் ஏறி வந்து, தெற்கு வீதியில் இறங்கி நடந்து, உன் வீட்டுக் கதவைத் தட்டினேன். நீ வேலைக்குப் போயிருந்தாய். வாணி திறந்தாள். இளைத்துவிட்டாள். “வாங்க அத்த” என்றாள். குரலில் ஒரு குறையும் இல்லை. உள்ளே வந்து பார்த்தால் கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். பாத்திரம் என்று ஒன்றின் மேல் எழுதியிருந்தது, புத்தகம் என்று ஒன்றின் மேல், உன் கையெழுத்தில். மூலையில் பாதி தீர்ந்த ஒட்டுநாடா. சுவரில் படம் மாட்டியிருந்த இடங்களில் ஆணி மட்டும் இருந்தது. உட்கார ஒரு நாற்காலிதான் மிச்சம் இருந்தது. அதை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டு அவள் காப்பி போடப் போனாள். நான் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒரு பெட்டியின் மேல் சாய்ந்துகொண்டு நின்றாள். கடலூரில் மழை எப்படி என்று கேட்டாள். தண்ணீர் நின்றதா என்று கேட்டாள். என் முட்டிவலியை விசாரித்தாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அந்தப் பெட்டிகளைப் பற்றி அவளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் வாயிலிருந்து ஒரு ஊர்ப் பெயராவது வரும் என்று காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்தேன். வரவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “வாணி, நான் உன்கிட்ட” என்று ஆரம்பித்தேன்.

“ஒரு மணிக்கு பஸ் இருக்குது அத்த. அத வுட்டா அடுத்தது கூட்டமா வரும்” என்றாள்.

எழுந்தேன். வாசல்வரை வந்தாள். என் குடையை எடுத்துக் கையில் கொடுத்தாள். “அத்த, அடுத்த தடவ வரதா இருந்தா போன் பண்ணிட்டு வாங்க” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் சொல்கிற மாதிரி. நான் சரிம்மா என்றேன்.

பஸ்ஸில் பக்கத்தில் பரங்கிப்பேட்டை அம்மா ஒருத்தர் உட்கார்ந்தார். எங்கே போய் வருகிறீர்கள் என்றார். மகன் வீட்டுக்கு என்றேன். “பேரப்புள்ளைங்க எத்தினி?” என்றார். முன்பு மாதிரி இருந்தால் இறங்குகிற இடம் வருவதற்குள் அவருக்கு நம் வீட்டுக் கதை மொத்தமும் தெரிந்திருக்கும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் இரண்டாவது முறை கேட்கவில்லை. என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார்.

பிள்ளை வெளியூர் போகிறபோது தாயார் நாலு புத்தி சொல்லி அனுப்ப வேண்டும். எனக்கு அந்தத் தகுதி போய்விட்டது, இருந்தாலும் எழுதுகிறேன். வாணி எதையாவது கோணலாகச் செய்தால், அது கோணலாகவே இருக்கட்டும். உனக்குத் திருத்தத் தெரிந்தாலும் கை வைக்காதே. அவள் எதையாவது ஒளித்து வைத்திருந்தால், எதற்காக என்று கேட்காதே. காட்டும்போது பார். அவள் அழுதால் அது உங்கள் நாலு சுவருக்குள் இருக்கட்டும், ஆறுதல் தேடி நீ வெளியே எடுத்துக்கொண்டு போகாதே. நீ என் பிள்ளை. உனக்கும் அந்த வாய் இருக்கும். பார்த்துக்கொள்.

நீங்கள் எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. போய்ச் சேர்ந்ததும் சேர்ந்துவிட்டோம் என்று மட்டும் ஒரு வரி அனுப்பினால் போதும். இன்னும் ஒன்றுதான் இருக்கிறது. மூன்றாவது முறை என்று ஒன்று வரலாம். அது நல்லபடியாக நிற்கும், நிற்க வேண்டும். அப்போது உன் மாமியாரிடம் சொல். பெண்ணாடத்து அத்தையிடம் சொல். உன் கூட வேலை செய்கிறவர்களிடம், வீட்டுக்காரரிடம், பால்காரரிடம், எல்லோரிடமும் சொல். குழந்தை பிறந்து, பெயர் வைத்து, எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். அதற்குப் பிறகு, எல்லோருக்கும் கடைசியாக, எனக்குச் சொல்.

அம்மா